தீப்பெட்டி அளவு

எறும்புகள்தான் முதலில் கண்டுபிடித்தன. டாக்டர் இல்லை, மாமா இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களான நாங்களும் இல்லை.

ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம். அத்தை கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பி வழியாக இறங்கிய சிவப்பெறும்பு வரிசை ஒன்று சுவரோரமாக வந்து, கட்டில் காலில் ஏறி, போர்வைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"ஏய், இங்க வா," என்று என்னைக் கூப்பிட்டார். "இதுங்க எல்லாம் எங்க போவுதுன்னு பாரு."

பார்த்தேன். அவருக்கு அடியில்தான் போய்க்கொண்டிருந்தன. இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. எறும்பு கடித்தாலும் தெரியாது, ஏறி நின்று ஆடினாலும் தெரியாது. அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் புரட்டினோம். முதுகெலும்பு முடிகிற இடத்தில் படுக்கைப்புண், புடவை அதில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தண்ணீர் விட்டுப் பிரித்தோம். அந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை. மீன் ஏலம் விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான், நாற்றத்துக்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. அன்றைக்கு அசந்தேன்.

குப்புறக் கிடந்த அத்தை தலையணைக்குள்ளிருந்து கேட்டார்.

"எங்க, காட்டு."

அதுதான் அத்தை. சொந்த அத்தை இல்லை. பக்கத்து வீடு, அவ்வளவுதான். மரக்காணத்தில் எங்கள் தெரு முழுக்க உப்பளத்து ஜனம். பக்கத்து வீட்டுக்காரி அத்தை, எதிர்வீட்டுக்காரி அக்கா, மீதி எல்லாரும் மாமா. இந்த அத்தையை மட்டும் தெருவே கொஞ்சம் பயத்தோடு பார்த்தது. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "எங்க, காட்டு". கண்ணால் பார்க்காத எதையும் அவர் நம்பியதில்லை. வெண்டைக்காய் இளசு என்று சொன்னவன், வட்டிக்காரன், கட்சிக்காரன், கடவுள், எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.

என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் சிங்கப்பூரில் சூப்பர்வைசர் என்றார்கள். எங்கள் வீட்டு ஜனம் அந்த ஒரு வார்த்தையிலேயே கவிழ்ந்துவிட்டது. அத்தை மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க, காட்டு," என்றார். பையன் போனில் ஒரு போட்டோவைக் காட்டினான். மஞ்சள் ஹெல்மெட் போட்டு நின்றான்.

"ஹெல்மெட்டு எல்லாரும்தான் போடறான். கையக் காட்டு."

பையன் முழித்துக்கொண்டே கையை நீட்டினான். சிமென்ட் தின்ற கை. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையனின் அம்மாவுக்கு மூஞ்சி சிவந்துவிட்டது.

"பொய் சொல்றான்," என்றார் அத்தை எங்கள் அப்பாவிடம், பையனை வைத்துக்கொண்டே. "சூப்பர்வைசர்லாம் இல்ல. ஆனா வேல செய்றான். குடுங்க."

கொடுத்தோம். அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் அத்தை பேச்சு வந்தால் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்.

அத்தை உப்புக் கூடை சுமந்தவர். குவித்து வைத்திருக்கிற உப்பைக் கூடையில் தூக்கி, சாய்த்து வைத்த பலகையில் ஏறி, லாரியில் கொட்ட வேண்டும். ஒரு சித்திரை மாதத்தில் உப்புத்தண்ணீர் ஊறிய பலகை வழுக்கியது. கூடையோடு பின்பக்கமாக விழுந்தார். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷன், எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் வந்து இனிமேல் கால் வராது என்றார். நாங்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்றோம். அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, அழ ஆரம்பித்துவிட்டார். அத்தை டாக்டரைப் பார்த்து, "எங்க, காட்டுங்க," என்றார்.

அந்த டாக்டர் நல்ல மனுஷன். கோபப்படவில்லை. ஒரு ஊசியை எடுத்து கால் விரலிலிருந்து குத்திக்கொண்டே மேலே வந்தார். அத்தை தலையைத் தூக்கி ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்கால், முட்டி, தொடை. ஒன்றுமில்லை. தொப்புளைத் தாண்டியபோதுதான் "ஸ்" என்றார். ஊசி நின்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி," என்றார். அதற்குப் பிறகு கால் வரும், கோயிலுக்கு வேண்டிக்கோ என்று யார் வந்து சொன்னாலும் அவர்களைத்தான் திட்டுவார்.

புண் விஷயத்தில்தான் சிக்கல். உலகத்தில் எல்லாவற்றையும் பார்த்துத்தான் நம்புவேன் என்கிற பொம்பளைக்கு, கடவுள் பார்க்க முடியாத இடத்தில் புண்ணைக் கொடுத்துவிட்டார். கண்ணாலும் தெரியாது, வலியாலும் தெரியாது. அதனால்தான் என் போன் உள்ளே வந்தது. நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு பாண்டியில் ஒரு கம்பெனியில் கஸ்டமர் கேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பேன். அன்றைக்குப் போட்டோ எடுத்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். அவர் முகம் மாறவில்லை.

"எம்மாம் பெருசு இது? போன்ல எல்லாம் பெருசாத்தான் தெரியும். பக்கத்துல ஒரு தீப்பெட்டி வெச்சி எடு."

வைத்து எடுத்தேன். தீப்பெட்டியை முழுசாக விழுங்கி, ஓரத்தில் இன்னும் இடம் வைத்திருந்தது புண்.

அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி. கதவோரத்து வெளிச்சத்தில் கட்டிலை இழுத்துப் போட்டு, தீப்பெட்டியை வைத்து, போட்டோ. மருந்துக்கு அவர் வைத்த சட்டம் கறார். ஒரு சமயத்தில் ஒரு மருந்து. மூன்று ஞாயிறு. போட்டோ பார்த்து பாஸ், பெயில்.

"ரெண்டையும் ஒண்ணாப் பூசுங்க அத்த, சீக்கிரம் ஆறும்," என்றேன் ஒரு தடவை.

"ஆறிச்சின்னா எது ஆத்திச்சின்னு உங்கப்பனா வந்து சொல்லுவான்?"

மெடிக்கல் ஷாப்காரர் கொடுத்த பவுடர் பெயில். வேப்பிலை மஞ்சள் அரைத்துப் பூசியது பெயில். எது மஞ்சள், எது சீழ் என்றே போட்டோவில் தெரியவில்லை. எதிர்வீட்டு ஸ்டெல்லாக்கா ஜெபம் செய்த எண்ணெய் கொண்டுவந்தார். அத்தை மறுக்கவில்லை. எண்ணெய்க்கும் மூன்று ஞாயிறு கொடுத்தார். நான்காவது ஞாயிறு ஸ்டெல்லாக்காவிடம் போட்டோவையே காட்டிவிட்டார்.

"கோவிச்சுக்காத. வாசன நல்லா இருந்திச்சி."

மாமாவின் வைத்தியம் வேறு. அவர் வாழ்நாள் முழுக்கப் பாத்தியில் தண்ணீர் கட்டி, வெயிலில் காயவிட்டு, உப்பு வாரியவர். அவருக்குத் தெரிந்த ஒரே உண்மை, ஈரம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. அத்தையைக் குப்புறப் போட்டு, புண்ணைத் திறந்துவிட்டு, வெயில் படுகிற மாதிரி கதவைத் திறந்து, டேபிள் ஃபேனையும் வைத்தார். புண் கருத்து, ஓடு மாதிரி இறுகியது. தீப்பெட்டியைவிடச் சின்னதாகவே தெரிந்தது. மாமாவுக்கு ஒரே பெருமை. அளத்தில் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

வீடு தேடி வருகிற நர்ஸ் ஒருவர் உண்டு. ஸ்கூட்டியில் வருவார், நாங்கள் சிஸ்டர் என்போம். அவர் வந்து அந்தக் கருப்பு ஓட்டைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இது தோலுன்னு நெனச்சீங்களா? மூடி இது. உள்ள அழுகுது."

"எங்க, காட்டுங்க," என்றார் அத்தை.

சிஸ்டர் கத்தரித்து எடுத்தார். நான் போட்டோ எடுத்தேன். உள்ளே ஒரு தீப்பெட்டியையே போட்டு வைக்கலாம் போலிருந்தது. மாமா வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு அவர் புண் பக்கமே பார்த்ததில்லை. புரட்டிப் பிடிப்பார், முகத்தை மட்டும் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார்.

சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது ஒரே விஷயத்தைத்தான் சொல்வார். "மருந்து அப்புறம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுங்க. ஒரே எடத்துல அழுந்தினா ரத்தம் ஓடாது, சத செத்துடும்."

எல்லாரும் தலையாட்டுவோம். "சரிங்க சிஸ்டர். எந்த ஆயின்மென்ட்டு போடறது?"

அவர் ஒரு பெருமூச்சு விட்டு ஏதோ ஒன்றின் பேரைச் சொல்லிவிட்டுப் போவார்.

திருப்பிப் போட யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். உப்பு சீசன் மாசி வாக்கில் ஆரம்பித்தால் மழை வருகிற வரைக்கும் ஓடும். அந்த மாதங்களில் எங்கள் தெரு விடியுமுன்னே அளத்துக்குப் போய்விடும், வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் திரும்பும். அதுவரை தெருவில் நாய்கள்தான். அத்தையின் ஒரே மகளைப் பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்து கொஞ்ச நாள் இருந்தாள், மாமியார் போன் போட்டுத் திட்டியதும் அழுதுகொண்டே போனாள். மாமா கிளம்பும்போது அத்தையை மல்லாத்திப் படுக்க வைத்து, கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீரையும் முறுக்கையும் வைத்துவிட்டுப் போவார். திரும்பி வரும்வரை அதே மல்லாத்தல்தான்.

அத்தைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உட்கார வேண்டும். ஏதோ ஒரு முகாமில் இலவசமாகக் கொடுத்த வீல்சேர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மூலையில் மடங்கிக் கிடந்தது. புண் மூடாமல் அதில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உட்கார்ந்தால் மொத்த கனமும் அதே இடத்தில்தான் இறங்கும்.

"உக்காந்து என்ன பண்ணப் போற?" என்று அம்மா ஒரு நாள் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"துன்னப் போறேன். படுத்துனு இருக்கறவ வாயில நீ சோறு போடறது, வாய்க்கரிசி போடற மாதிரியே இருக்குது. ஒவ்வொரு வேளையும் செத்துச் செத்து எழுந்துக்க முடியலடி."

அம்மா கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டாள். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அளம் மூழ்கி சீசன் முடிந்தது. அதே வாரம்தான் பெருமுக்கல்லிலிருந்து தேன்காரர் ஒருவர் மொபெட்டில் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். மலைத்தேன், புண்ணுக்குப் போட்டால் ஆறும் என்றார்.

"எங்க, காட்டு," என்று உள்ளேயிருந்து குரல் போனது.

தேன்காரர் தன் முழங்காலைத் திறந்து ஒரு பழைய தழும்பைக் காட்டினார். அத்தைக்குத் தழும்பு பிடித்திருந்தது. மூன்று ஞாயிறு கொடுத்தார்.

முதல் ஞாயிறே ஓரம் சிவந்திருந்தது. சிஸ்டர் பார்த்துவிட்டு நல்ல சிவப்பு என்றார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் புண் தீப்பெட்டிக்குள் அடங்கியது. பிறகு பாதி தீப்பெட்டி. மார்கழி முடிகிறபோது என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. நாற்றம் போய்விட்டது. வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிற ஜனம் உள்ளே வந்து கட்டிலிலேயே உட்கார ஆரம்பித்தது.

"பாஸு," என்றார் அத்தை. "டிஸ்டிங்ஷனு."

தேன்காரர் எங்கள் தெருவில் ஹீரோ ஆகிவிட்டார். முட்டிவலிக்குத் தேன், சளிக்குத் தேன், ஸ்டெல்லாக்கா தன் வீட்டுக்காரரின் குடிக்குக்கூடத் தேன் கொடுத்துப் பார்த்தார்.

பொங்கலன்று சிஸ்டரைக் கேட்டுவிட்டு, பிளாஸ்டிக்கைக் கிழித்து, மெத்தை போட்டு, மாமாவும் நானும் அத்தையைத் தூக்கி வீல்சேரில் வைத்து வாசலுக்குத் தள்ளினோம். கொஞ்ச நேரம்தான் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அத்தை மடியில் தட்டை வைத்துக்கொண்டு, தன் கையால் பொங்கலை எடுத்துத் தின்றார். ஒரு வாய் தின்பார், தெருவை இந்தக் கோடி வரைக்கும் பார்ப்பார். இன்னொரு வாய், அந்தக் கோடி. மாமா பக்கத்தில் நின்றுகொண்டு ஈ ஓட்டினார். ஈயே இல்லை.

"போதும், உள்ள போலாமா?" என்றார் மாமா.

"தட்டு கழுவணும். தண்ணி குடு, நானே கழுவறேன்."

கழுவினார்.

மாசியில் சீசன் ஆரம்பித்தது. பங்குனியில் நகம் மறுபடி பாதி தீப்பெட்டி ஆனது. அதே தேன், அதே துணி, அதே கை. பங்குனி கடைசியில் முழு தீப்பெட்டி. வீல்சேர் மறுபடி மூலைக்குப் போய், அதன்மேல் துணி காய்ந்தது.

அத்தைக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. தேன்காரர் அடுத்த தடவை தெருவுக்குள் நுழைந்ததும் கட்டிலிலிருந்தே கத்தினார்.

"சக்கரப்பாகு காச்சி ஊத்தறியா? மழ நாள்ல நல்ல தேன் குடுத்துட்டு, பேரு வாங்கிக்கினு, இப்ப பாகு விக்கிறியா?"

தேன்காரர் வெலவெலத்துப் போனார். "எம் புள்ள மேல சத்தியமா சுத்தத் தேனும்மா."

"சத்தியம்லாம் வாணாம். எங்க, காட்டு."

அவர் போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில், மூடி போட்டு, முழுத் தேனடையைக் கொண்டுவந்தார். ஒன்றிரண்டு தேனீ இன்னும் அதில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் கண்ணிமை வீங்கியிருந்தது. அத்தையின் முகத்துக்கு நேரே அடையைப் பிழிந்து பாட்டிலில் வடிகட்டினார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"பாத்துக்கங்க. இதுக்கு மேல நான் எதக் காட்டறது?"

அந்தத் தேனுக்கும் மூன்று ஞாயிறு. புண் பெரிதானது.

மூன்றாவது ஞாயிறு நான் போட்டோ எடுத்து நீட்டியபோது அத்தை அதைப் பார்க்கவில்லை.

"மொதல்லேர்ந்து காட்டு," என்றார். "எறும்பு வந்த அன்னிலேர்ந்து."

பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் மாசம் கேட்டார். நான் இங்கிலீஷ் மாசம் சொன்னேன், அவர் தமிழ் மாசமாக மாற்றிக்கொண்டார். பவுடர், வேப்பிலை, எண்ணெய், கருப்பு ஓடு. பிறகு தேன் வைத்த போட்டோக்கள், புண் சின்னதாகிக்கொண்டே வருகிறவை.

"நில்லு. இந்த ஓரத்துல தெரியறது யாரு கை?"

பார்த்தேன். போட்டோ எடுக்கும்போது யாராவது அவரைப் புரட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் போட்டோவின் ஓரத்தில் வெடிப்பு விழுந்த, உப்பு அரித்த ஒரு கை, அவர் இடுப்பைப் பிடித்திருந்தது.

"மாமா கை."

"அடுத்தது?"

"அதுவும் மாமாதான்."

நகம் அளவு வரைக்கும் எல்லாவற்றிலும் மாமா கைதான். அதற்கு முன்னால் பவுடரில், வேப்பிலையில், எண்ணெயில் அம்மாவின் வளையல் போட்ட கை. மாசிக்குப் பிறகும் அம்மாவின் கை. மாமா ஞாயிறும் அளத்துக்குப் போகிறவர். அம்மா ஞாயிறு போகமாட்டாள்.

அத்தை போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு பின்னால் தள்ளினார், முன்னால் தள்ளினார், மறுபடி பின்னால். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"தேன் இல்லடி," என்றார்.

"என்ன அத்த?"

"மழ பேஞ்சிச்சி. அளம் மூடிச்சி. இவுரு வூட்ல இருந்தாரு. எத்தினி வாட்டி திருப்பினாரு தெரியுமா, நான் கண்ணசந்தாகூட விடமாட்டாரு. அந்த நர்சம்மா மொத நாளே சொல்லிச்சி. நாமதான் ஆயின்மென்ட்டு பேரு கேட்டுனு இருந்தோம்."

எனக்கு ஒரே குஷி. கண்டுபிடித்தாயிற்று, மேட்டர் முடிந்தது என்று நினைத்தேன். "அப்ப மாமாகிட்ட சொல்லிடலாம் அத்த. இந்த ஒரு சீசன் நின்னுட்டா முழுசா மூடிடும். நீங்க உக்காந்துடலாம்."

அத்தை என்னைப் பார்த்த பார்வை, வெண்டைக்காய்க்காரனைப் பார்க்கிற பார்வை.

"நின்னா? அவுரு எடத்துல வேற ஆளப் போட்டுடுவாங்க. அடுத்த வருசம் போய் நின்னா எவன் சேத்துக்குவான், இந்த வயசுல? அப்புறம் புருசனும் பொண்டாட்டியும் பக்கத்துல பக்கத்துல படுத்துக்கினு பட்டினி கெடக்கறோம், நீ தீப்பெட்டி வெச்சி போட்டோ புடி."

"அதுக்கில்ல அத்த..."

"அந்த மருந்து நமக்குக் கட்டுப்படி ஆவாதுடி. அவருகிட்ட வாயத் தொறந்த, உன் நாக்க அறுத்துடுவேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு பழைய புடவையைக் கட்டச் சொன்னார். மாமா போன பிறகு அதைப் பிடித்து இழுத்து, தானே ஒருக்களிக்கப் பார்த்தார். மேல் உடம்பு திரும்பும், கால்கள் வராது. அப்படியே வழுக்கி மறுபடி மல்லாந்துவிடுவார். சிஸ்டர் பார்த்துவிட்டுச் சண்டை போட்டார், இழுக்க இழுக்கப் புண்ணின் ஓரம் கிழிகிறது என்று. அத்தை சரி என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் மறுபடி இழுத்தார். இராத்திரியில் மாமா எழுந்து திருப்பத்தான் செய்வார். ஆனால் விடியுமுன்னே கிளம்புகிற மனுஷன், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினால் அத்தை எழுப்பமாட்டார்.

சிஸ்டர் எங்கேயோ கெஞ்சி ஒரு காற்று மெத்தையை இரவலாக வாங்கி வந்தார். மோட்டார் வைத்தது, மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும். நல்ல சாமான்தான், கரண்ட் இருந்தால். வெயில் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எவ்வளவு நேரம் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போனால் மெத்தை கட்டிலோடு ஒட்டிப்போகும், அத்தை இரும்புச் சட்டத்தின்மேல் கிடப்பார்.

ஆனியில் ஒரு சாயங்காலம் மாமா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"நான் நின்னுடலாம்னு பாக்கறேன்."

"எங்க நிக்கப் போற?"

"அளத்துக்குப் போவல. வூட்லயே இருக்கறேன். உனக்கு ஆளு வேணும்."

அத்தை சிரித்தார். "யோவ், உன் மூஞ்சிய பகலெல்லாம் பாத்தா எனக்கு நெஞ்சுலயும் புண்ணு வந்துடும். இந்தக் காத்து மெத்த பாஸு. புண்ணு ஆறிக்கினு வருது. இவளக் கேளு, போட்டோ எடுக்கறவ இவதான்."

வாழ்நாளில் பார்க்காததைச் சொல்லாத பொம்பளை. மாமா அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அத்தையும் என்னையே பார்த்தார். அன்றைய போட்டோவில் புண்ணுக்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போய்விட்டேன். நான் திரும்பி வருவதற்குள் அவர்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை வரவில்லை. தெருவே காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்க்கும், வெயிலைக் கண்டு கும்பிடும். ஒவ்வொரு காய்ந்த நாளும் கூலி. ஸ்டெல்லாக்கா அத்தையின் ஜன்னலில் நின்று பேசினார்.

"இன்னும் மழ வரல. நல்ல வேள இல்லக்கா?"

"ஆமா. நல்ல வேள," என்றார் அத்தை. குரல் அப்போதே சூடாக, உலர்ந்து போயிருந்தது. ஜுரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

ஸ்டெல்லாக்கா போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"போன்ல மழ எப்ப வருதுன்னு போடுவானாமே. எங்க, காட்டு."

காட்டினேன். வரிசையாகச் சூரியன். ஒரு மேகம்கூட இல்லை. அவர் விரலால் தள்ளி அடுத்த வாரத்தையும் பார்த்தார். அங்கேயும் சூரியன்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜுரம் இறங்கவில்லை. சிஸ்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். பாண்டிச்சேரியில், புண் வழியாக விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது, ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்டார்கள். மாமா, "ஆறிக்கினு வந்துதுங்களே," என்றார். இரண்டு தடவை சொன்னார். நாங்கள் அத்தையை மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த வாய்க்கு அரிசி போடும் வரிசையில் என் அம்மா நிற்கவில்லை. பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் மழை பிடித்தது. கடற்கரையிலிருந்து ரோடு வரைக்கும் பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீராகிவிட்டன. சீசன் முடிந்தது. நல்ல சீசன் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். பொய் இல்லை, நல்ல சீசன்தான்.

இரவல் மெத்தையைத் திரும்ப எடுக்க சிஸ்டர் ரெயின்கோட்டில் வந்தார். அடுத்து வேறொரு வீட்டுக்கு அது போக வேண்டும். நானும் மாமாவும் காற்றைப் பிடுங்கி, துடைத்து, சுருட்டிக் கட்டினோம். சிஸ்டர் ஸ்கூட்டியில் அதை வைத்துக்கொண்டு, "மாமா, வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டார்.

மாமா வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லம்மா," என்றார். "தை வரைக்கும் நான் வூட்லதான் இருப்பேன்."